கல்லாற்றுக்குக் கொடி தைப்போமா?

கல்லாற்றுக்கு ஒரு கொடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை யாரும் கேட்கவில்லைதான். கேட்டால் எப்படி வரைவீர்கள்?

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலை மலையேறத் தொடங்கும் அடிவாரம்தான் கல்லாறு. ஊருக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் செம்முஞ்சிமொட்டைப் பக்கத்திலிருந்து இறங்கும் தண்ணீர், இங்கே ஆளுயரப் பாறைகளுக்கும் உருண்டைக் கற்களுக்கும் நடுவே சலசலத்து ஓடுகிறது. பிறகு வாமனபுரம் ஆறு என்று பேர் வாங்கி, மொத்தம் 88 கிலோமீட்டர் ஓடி, அஞ்சுதெங்குக் காயலில் போய்ச் சேர்கிறது. மீன்முட்டி அருவிக்கு இங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்தே போகலாம். சாலையோ 22 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பிப் பொன்முடிக்கு ஏறுகிறது.

இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்குக் கொடி என்று கேட்பீர்கள். ஜப்பானில் உள்ள 47 மாகாணங்களுக்கும் தனித்தனிக் கொடி இருக்கிறது. இங்கிலாந்தில் டெவன் என்ற மாவட்டம் 2003இல் மக்கள் வாக்குப் போட்டுத் தன் கொடியைத் தேர்ந்தெடுத்தது. பச்சைப் பின்னணியில் கறுப்பு ஓரம் வைத்த வெள்ளைச் சிலுவை அது. நம் நாட்டில் மாவட்டத்துக்குக் கொடி வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் கொடியின் முதல் வேலையை ஒரு மாவட்டம் செய்து முடித்துவிட்டது. கேரளத்தின் வடகோடியில் இருக்கும் காசர்கோடு 2023இல் தனக்கென்று ஒரு மரம், ஒரு பூ, ஒரு பறவை, ஓர் உயிரினம் ஆகியவற்றை மாவட்டச் சின்னங்களாக அறிவித்தது. எட்டி மரம், பெரிய பொலத்தாளி என்ற நீர்த்தாவரத்தின் பூ, வெண்வயிற்றுக் கடற்கழுகு, பாலப்பூவன் என்ற பெரிய மெல்லோட்டு ஆமை. ஒரு மாவட்டம் இப்படி அறிவித்தது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை.

சின்னங்களைத் தேர்ந்தாகிவிட்டது. அப்படியே துணியில் வரைந்துவிட்டால் கொடி ஆகிவிடுமா? ஆகாது. அந்த ஆமை வாழ்நாளின் பெரும்பகுதியை ஆற்று மணலுக்குள் புதைந்தபடியே கழிக்கும் பழுப்பு நிற ஆமை. புத்தகத்தில் பக்கம் முழுக்கப் படம் போட்டால் அழகாக இருக்கும். கம்பத்தின் உச்சியில் ஏற்றினால் மண்ணிலிருந்ததைப் போலவே அங்கேயும் ஒளிந்துகொள்ளும்.

கொடி தூரத்தில் இருப்பவருக்காகச் செய்யப்படும் பொருள். அதனால் அதில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதில் கடைசிச் சொல் நம் கண்ணுடையது. ஓவியருக்கு அடுத்த இடம்தான்.

கண்ணின் கணக்கு என்ன? ஒரு வட்டத்துக்கு 360 பாகை. ஒரு பாகையை 60 துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு கலை. நல்ல பார்வை உள்ளவர் கண்ணுக்கு இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய, அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு கலை இடைவெளி வேண்டும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். விழித்திரையின் நடுவில் கூம்புச் செல்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் இந்த எல்லைக்கு முக்கியக் காரணம். கண் மருத்துவர் 6 மீட்டர் தள்ளி உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வாரே, அதில் 6/6 வரிசையின் எழுத்துக்கோடு ஒவ்வொன்றும் சரியாக ஒரு கலை பருமன். அளந்தால் 2 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

இந்த ஒரு கலை, 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். இப்போது 90 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம் உள்ள கொடி ஒன்று 100 மீட்டருக்கு அப்பால் விரிந்திருக்கிறது. அகலத்தில் 30 மூன்று சென்டிமீட்டர்கள், உயரத்தில் 20. அவ்வளவுதான். நீங்கள் எவ்வளவு நுணுக்கமாக வரைந்திருந்தாலும் பார்ப்பவருக்குப் போய்ச் சேர்வது 30க்கு 20, அதாவது 600 கட்டங்கள்.

கட்டம் போட்ட தாளை எடுங்கள். 30 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம் வைத்துக் கோடு போடுங்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரே நிறம்தான் இருக்கலாம், பாதிக் கட்டம் கிடையாது. இதற்குள் வரைய முடிந்தால் அது கொடியில் நிற்கும். முடியாவிட்டால் புத்தக அட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் தேசியக் கொடியையே இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். அதற்கு அரசு வகுத்த அளவுகளில் ஒன்று இதே 900க்கு 600 மில்லிமீட்டர். அந்த அளவில் அசோகச் சக்கரத்தின் விட்டம் 185 மில்லிமீட்டர். 100 மீட்டரில் அது ஆறு கட்டம். ஆறு கட்டத்துக்குள் 24 ஆரங்களைக் காட்ட முடியுமா? முடியாது. விளிம்பின் சுற்றளவைக் கணக்குப் போட்டு 24ஆல் வகுத்தால், ஓர் ஆரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. சுமார் 40 மீட்டர் தாண்டியதும் ஆரங்கள் கரைந்து, நீல வட்டம் மட்டும் மிஞ்சும். ஆனாலும் அது நம் கொடி என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மூன்று பட்டைகளும் நடுவில் ஒரு வட்டமும் போதும். ஆரங்கள் பக்கத்தில் வருபவருக்கு. இந்த இரண்டடுக்கு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இதைக் கடைசியில் நாம் திருடிக்கொள்ளப் போகிறோம்.

சரி, கல்லாற்றில் என்னென்ன இருக்கிறது? கொடியில் இடம் கேட்டு வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம்.

கொண்டை ஊசி வளைவுகள் முதலில். வளைந்து வளைந்து ஏறும் வெள்ளைக் கோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வளைவுக்குக் கோடு ஒரு கட்டம், இடைவெளி ஒரு கட்டம். 22 வளைவுக்கு 44 கட்டம். நம்மிடம் இருப்பது 30. நாலைந்து வளைவு போட்டால், இந்தியாவில் உள்ள எந்த மலைச்சாலைக்கும் அது பொருந்தும்.

அடுத்தது ஆரோக்கியப்பச்சை. இந்த இலைக்கு உலகப் புகழ் உண்டு. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் அறிஞர் குழு ஒன்று நடந்துபோனது. வழிகாட்டிகளாகக் காணிப் பழங்குடியினர் கூட வந்தார்கள். ஏற்றத்தில் அறிஞர்களுக்கு மூச்சு வாங்கியது, காணிகளோ களைப்பே இல்லாமல் ஏதோ காயைத் தின்றபடி நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. கல்லாற்றுக்கு அருகே பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் பிறகு அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. கிடைத்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. பழங்குடியினரின் அறிவுக்கு அவர்களுக்கே பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று இதை இன்றும் உலகெங்கும் பாடமாகச் சொல்கிறார்கள். இவ்வளவு பெருமை இருக்கிறது. ஆனால் இலையை 600 கட்டத்துக்குள் வரைந்து பாருங்கள். தாம்பூலத் தட்டிலிருந்து எடுத்து வைத்த வெற்றிலை மாதிரி இருக்கும்.

கல்லாற்றுக் காட்டில் காணிக் குடியிருப்பில் வாழ்ந்து, மூலிகை மருத்துவத்துக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டி அம்மாவின் முகத்தை வரையலாம் என்று சிலருக்குத் தோன்றும். வனமுத்தச்சி, அதாவது காட்டுப் பாட்டி, என்று கேரளம் கொண்டாடுபவர். நூற்றுக்கணக்கான மருந்துகளை ஏட்டில் எழுதிவைக்காமல் நினைவிலேயே வைத்திருப்பவர் என்பது அவர் புகழ். பெருமைப்படுத்த எத்தனையோ வழி இருக்கிறது. முகம் மட்டும் கொடிக்கு ஒத்துவராது. 100 மீட்டர் தள்ளி எல்லா முகமும் ஒரே முகம்.

வரையாடு? பொன்முடிக்குப் பக்கத்தில் வரையாட்டுமொட்டை என்ற பாறைச் சரிவில் வரையாடுகள் மேய்கின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் அதுதான், ஆகவே நமக்குச் சொந்தக்காரன். கட்டத்தில் வரைந்தால் ஆடு என்று தெரியும், வரையாடு என்று தெரியாது. கொம்பின் பின்வளைவுக்கு மட்டுமே கால்வாசிக் கொடி போய்விடும்.

இருவாச்சி கொஞ்சம் பரவாயில்லை. பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் தொப்பி போல இன்னொன்று. தூரத்திலும் தெரியும். ஆனால் பெரிய இருவாச்சி கேரளத்துக்கே மாநிலப் பறவை, அருணாசலப் பிரதேசத்துக்கும் அதுவேதான். அதைப் போட்டால் கல்லாறு என்று யார் கண்டுபிடிப்பார்கள்? பறவையை அனுப்பிவிடுவோம். அதன் நிறத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நிற்பது கல். அதை விசாரிப்பதற்கு முன்னால் கொடியின் இன்னொரு சிக்கலைப் பார்த்துவிடலாம்.

கொடிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் வரைந்தது துணியை ஊடுருவி மறுபக்கம் தெரியும்போது இடவலமாக மாறிவிடும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறும் ஒரு காலத்தில் அதன்கீழ்தான் இருந்தது. சிவப்புத் துணியில் வெண்ணிற வலம்புரிச் சங்கு. வலம்புரிக்கு மதிப்பு ஏன்? கடலில் கிடைக்கும் சங்குகள் பெரும்பாலும் இடம்புரி. மறுபக்கம் சுருண்டது அபூர்வம். அந்த அபூர்வச் சங்கைக் கொடியில் வரைந்து ஏற்றிவிட்டு, கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். துணி ஒற்றையாக இருந்தால் அங்கே பறப்பது சாதாரண இடம்புரிச் சங்கு! தடுக்க வேண்டுமானால் இரண்டு துணிகளை முதுகோடு முதுகு வைத்துத் தைக்க வேண்டும். சவூதி அரேபியாவின் கொடியில் எழுத்து இருப்பதால் அப்படித்தான் செய்கிறார்கள். துணி இரட்டிப்பானால் பாரம் கூடும், பறக்கக் காற்றும் அதிகம் வேண்டும்.

இது வெறும் வேடிக்கைக் கேள்வி இல்லை. 1931இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட மூவண்ணக் கொடியின் நடுவில் இராட்டை இருந்தது. இராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் தேசியக் கொடியை முன்மொழிந்து பேசிய நேரு, இந்தச் சங்கடத்தையும் எடுத்துச் சொன்னார். ஒரு பக்கம் இருப்பது மறுபக்கமும் அப்படியே இருக்க வேண்டும், இராட்டை அப்படி இராது, ஆகவே சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பது அவர் விளக்கம். சக்கரம் எந்தப் பக்கம் திருப்பினாலும் சக்கரம். கணிதத்தில் இதைச் சமச்சீர் என்று படிப்பீர்கள். கொடியில் எழுத்து எழுதாதே என்று கொடி வல்லுநர்கள் சொல்வதற்கும் இது ஒரு காரணம். ‘கல்லாறு’ என்று எழுதினால் மறுபக்கத்தில் இருப்பவர் கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இப்போது நிறம். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுவார்கள்.

கல்லாறு என்றதும் பச்சை என்பீர்கள். காடு பச்சை, மலை பச்சை, பாறைமேல் பாசிகூடப் பச்சை. அதனாலேயே பச்சைக் கொடி கூடாது. பச்சைப் பின்னணியில் பச்சைத் துணியை ஏற்றினால் கம்பம் மட்டும்தான் தெரியும். ஊரில் எங்கும் நிறைந்திருக்கும் நிறம், அந்த ஊரில் பறக்கும் கொடிக்கு ஆகாத நிறம். பாலைவன நாடுகளுக்குப் பச்சைக் கொடி எடுப்பாக இருக்கும், நமக்கு இல்லை.

அப்படியென்றால் காட்டில் பச்சையிலிருந்து விலகித் தெரிவது எது? நாங்கு மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நாகப்பூ மரம் என்றும் சொல்வார்கள். அது தளிர்க்கும்போது மரம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருக்கும். பூ என்றே நினைத்துவிடுவோம். இளந்தளிரில் பச்சையம் இன்னும் நிறையவில்லை. ஆந்தோசயனின் என்ற சிவப்புப் பொருள்தான் மிகுந்திருக்கிறது. கடும் வெயிலிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் அது தளிரைக் காக்கிறது என்று தாவர அறிஞர்கள் கருதுகிறார்கள். குரங்குகளுக்கும் நமக்கும் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும் கண் வாய்த்ததே, இலைகளுக்கு நடுவே பழத்தையும் தளிரையும் கண்டுபிடிக்கத்தான் என்று ஒரு கருத்து உண்டு.

ஆக, சிவப்பு. முடிந்ததா? இல்லை. சிவப்புக்கு மூன்று வழக்கு இருக்கிறது.

ஒன்று, அந்தி. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு பூர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பகலில் பளிச்சென்று இருந்த சிவப்புப் பூக்கள் பொழுது சாய்ந்ததும் கறுத்துவிட்டன, சுற்றியிருந்த இலைகளோ அவற்றைவிட வெளிச்சமாகத் தெரிந்தன. வெளிச்சம் குறைந்தால் கூம்புச் செல்கள் ஓய்ந்து குச்சிச் செல்கள் வேலைக்கு வரும். குச்சிச் செல்களுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறைய தெரியவே தெரியாது. மழைமேகமும் மரநிழலும் மூடிக் கிடக்கும் மலையடிவாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் வரை இப்படி. உங்கள் வகுப்பிலேயே ஒருவர் இருக்கலாம், அவருக்கே தெரியாமல். காட்டின் முன்னால் சிவப்புக் கொடி அவருக்குப் பெரிய வித்தியாசமாகப் படாது.

மூன்றாவது வழக்கு அறிவியலில் இல்லை. கேரளத்தில் ஒரு கம்பத்தில் சிவப்புத் துணியை ஏற்றிவிட்டு, ‘இது நாங்குத் தளிரின் நிறம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒருவரும் நம்ப மாட்டார்கள். எந்தக் கட்சி அலுவலகம் திறக்கிறார்கள் என்று கேட்பார்கள். சிவப்பைக் குறைத்துக் கறுப்பையும் வெள்ளையையும் சேர்க்கலாமே என்றால், அப்போது தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மஞ்சளுக்கு வருவோம். இருவாச்சியை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? பெரிய இருவாச்சியின் கழுத்திலும் இறக்கையிலும் உள்ள மஞ்சள், இறகின் சொந்த நிறம் இல்லை. இறகு வெள்ளைதான். வால் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து, அந்த மஞ்சள் எண்ணெயைத் தானே பூசிக்கொள்கிறது. காட்டுக்குள் ஒரு சாயக்காரர்!

நம் கண்ணுக்கு மிக நன்றாக உறைப்பது மஞ்சள்-பச்சை ஒளி, அலைநீளம் 555 நானோமீட்டர் பக்கம். இலையும் அந்த ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆனால் விழுவதில் பத்தில் ஒன்றிரண்டு பங்கை மட்டும், மீதியை விழுங்கிவிடும். நல்ல மஞ்சள் துணி பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆகவே காட்டுக்கு முன்னால் மஞ்சள் எரியும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் இது உடனே புரியும். சிவப்புத் துணி இலையோடு கலந்து சாம்பலாகிவிடும், மஞ்சள் மட்டும் வெளுப்பாகத் தனித்து நிற்கும். எந்தக் கொடிக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

மஞ்சளுக்குத் துணையாக எந்த நிறம்? வெள்ளை வேண்டாம். மஞ்சள் என்பது வெள்ளையிலிருந்து நீலத்தைக் கழித்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியது கண்ணின் நீலக் கூம்புகள். அவை நம்மிடம் மிகக் குறைவு, விழித்திரையின் நட்டநடு மையத்தில் அநேகமாக இல்லவே இல்லை. அதனால் தூரத்தில், சின்ன அளவில், மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். ஐரோப்பாவில் கேடயங்களுக்குச் சின்னம் வரைந்தவர்கள் மஞ்சள்மேல் வெள்ளை வைக்கக் கூடாது என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விதி போட்டுவிட்டார்கள். கூம்புச் செல் என்ற ஒன்றையே அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். போர்க்களத்துத் தூசிக்கு நடுவே ஆள் அடையாளம் தெரியாமல் பட்ட பாடு கற்றுக்கொடுத்திருக்கும். 2018இல் கர்நாடக அரசு முன்மொழிந்த மாநிலக் கொடியில் மேலே மஞ்சள், நடுவில் வெள்ளை, கீழே சிவப்பு. நடுவே இருந்த கண்டபேருண்டம் இரட்டைத் தலைப் பறவை என்பதால் இடவலச் சோதனையில் தேறிவிடும். மஞ்சளும் வெள்ளையும் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

மஞ்சளோடு கறுப்புதான் சேர்த்தி. இருவாச்சியும் அதைத்தான் அணிந்திருக்கிறது. மஞ்சளுக்கும் சொந்தக்காரர்கள் இல்லாமல் இல்லை, இதே மாவட்டத்தில் சிவகிரி யாத்திரை போகிறவர்கள் மஞ்சள் உடுத்துகிறார்கள். ஆனால் மஞ்சளில் கறுப்பு வட்டங்கள் என்று ஒரு கொடி என் கண்ணில் பட்டதில்லை.

வட்டம் எங்கிருந்து வந்தது? வரிசையில் கடைசியாக நின்ற கல்லைக் கூப்பிடுங்கள்.

மலையிலிருந்து உடைந்து விழும் பாறைத் துண்டுக்கு மூலைகள் கூர்மையாக இருக்கும். வெள்ளத்தில் உருளும்போது ஒன்றோடொன்று மோதி முதலில் மூலைகள்தான் உதிரும். ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் டொமோகோஷும் அவர் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணக்காகவே காட்டினார்கள். முதல் கட்டத்தில் கல் உருண்டையாகும், ஆனால் அதன் அளவு பெரிதாகக் குறையாது. மூலையெல்லாம் தீர்ந்த பிறகுதான் கல் சிறுக்கத் தொடங்கும். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. மலையில் சரிவு அதிகம், தண்ணீருக்கு வேகம் அதிகம், பெரிய கல்லையும் உருட்டும். கீழே போகப் போக வேகம் குறைய, பெரிய கற்கள் பின்தங்கிவிடும், சின்னவைதான் தொடர்ந்து போகும். ஆகவே எந்த மலையாற்றிலும் மேலே பாறை, நடுவில் கூழாங்கல், கடைசியில் மணல்.

கல்லாற்றுக் கற்கள் எல்லாம் கறுப்பு இல்லை. சாம்பலும் பழுப்பும் வெளிறியவையும் உண்டு. இந்த மலைகளில் சார்னோகைட் என்ற கருமையான பாறை கிடைக்கிறது. பொன்முடிப் பக்கத்துச் சார்னோகைட்டைப் பற்றி நிலவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். சென்னைப் பிள்ளைகள் அதற்காகக் கேரளம் வரை போக வேண்டாம், பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ளது அதே வகைப் பாறை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு அந்தக் கல்தான் போனது, அவர் பெயரே பாறைக்கு வந்தது. தவிர, எந்தக் கல்லும் நனைந்தால் கறுக்கும். காய்ந்த கல்லின் சொரசொரப்பு ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. தண்ணீர்ப் படலம் மூடியதும் சிதறுவது குறைந்து ஒளி உள்ளே போய்விடுகிறது. ஆற்றுக்குள் இருக்கும் கல் எப்போதும் நனைந்த கல்தானே, கறுப்பாகப் போடலாம்.

இப்போது தாளில் வரையுங்கள். 30க்கு 20 கட்டம் முழுக்க மஞ்சள். கம்பத்தின் பக்கம் 10 கட்டம் விட்டமுள்ள கறுப்பு வட்டம். அடுத்து 6 கட்டம். ஓரத்தில் 3 கட்டம். மூன்றும் நடுக்கோட்டில் ஒரே வரிசை. மறுபக்கம் போய்ப் பார்த்தாலும் பெரிய கல் கம்பத்தோடுதான் இருக்கும், சின்னக் கல் காற்றின் போக்கில் தள்ளித்தான் இருக்கும். இடவலம் மாறினாலும் பொருள் மாறவில்லை. கம்பம் மலை, நுனி கடல். காற்று இல்லாமல் துணி தொங்கும்போதும், கம்பத்தை ஒட்டிய பெரிய வட்டத்தின் ஒரு பகுதியாவது தெரியும். வங்கதேசக் கொடியில் சிவப்பு வட்டம் நட்டநடுவில் இல்லாமல் கம்பத்தின் பக்கம் சற்றுத் தள்ளியிருப்பதையும் கவனியுங்கள். பறக்கும்போது நுனி மடிந்து மடிந்து அகலம் குறைவாகத் தெரிவதால், அப்போது வட்டம் நடுவில் இருப்பதாகத் தோன்றும்.

அசோகச் சக்கரத்திடமிருந்து ஒன்றைத் திருடுவோம் என்றேனே, அது இதோ. ஓரத்துக் கல்லின் விட்டம் 9 சென்டிமீட்டர். 300 மீட்டரில் அது ஒரே ஒரு கலை, வெறும் புள்ளி; அதைத் தாண்டினால் அதுவும் மங்கத் தொடங்கும். பெரிய கல்லோ ஒரு கிலோமீட்டர் தாண்டும்வரை ஒரு புள்ளியாகவாவது நிற்கும். எனவே தூரத்தில் வருபவர் எண்ணினால் ஒரு கல், இன்னும் கொஞ்சம் நடந்தால் இரண்டு, அருகில் வந்தால் மூன்று.

காற்று விஷயத்தில் கல்லாறு கொடுத்துவைத்த இடம். வானம் தெளிந்த நாள்களில் பகலில் மலைச்சரிவு சூடாகி, அங்கே காற்று மேலே எழும். பள்ளத்தாக்கிலிருந்து மலையை நோக்கிக் காற்று ஏறும். இரவில் சரிவு குளிர்ந்து, கனத்த காற்று கீழே வழியும். ஆகவே பகலில் பொன்முடிப் பக்கமும் இரவில் கடல் பக்கமும் கொடி திரும்பும் என்று எதிர்பார்க்கலாம். பருவமழைக் காலத்தில் இந்தக் கணக்கு செல்லாது. நனைந்த துணி கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள், மேலே பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் கீழே வெள்ளமாக வந்துவிடும். இன்னொன்று, எந்தக் கொடி தைத்தாலும் தேசியக் கொடிக்கு மேலே அதைப் பறக்கவிடக் கூடாது என்பது விதி.

இனித் துணி. கடையில் சாயம் போகாத மஞ்சள் துணி வாங்குங்கள், நுனி ஓரத்தை இரட்டைத் தையல் போடுங்கள். கிழிசல் எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். வெள்ளைத் துணியை வீட்டு மஞ்சள்தூளில் முக்கிவிட்டால் செலவு மிச்சம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மஞ்சளில் உள்ள கர்குமின் வெயிலில் சிதைந்துவிடும். நம்பாவிட்டால் மஞ்சளில் நனைத்த துணியின் பாதியை அட்டையால் மூடி வெயிலில் போட்டுப் பாருங்கள், மூடாத பாதி வெளுத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து சலவையில் இருக்கிறது. கர்குமினில் காரம் பட்டால் நிறம் மாறும், சோப்பு காரத்தன்மை உள்ளது. மஞ்சள்தூள் கொடியைச் சோப்புப் போட்டுத் துவைத்தீர்களானால், சோப்பு போக அலசி முடிக்கும்வரை துணி செக்கச் சிவந்திருக்கும். கல்லாறு கட்சி மாறிவிட்டது என்று விதுரா வரைக்கும் பேச்சாகிவிடும்.